190 கிராமுக்குள் ஓர் ஆற்றங்கரை

திருநெல்வேலி கீழரத வீதியில் விளக்கு வைக்கிற நேரத்தில் அல்வாவுக்கு வரிசையில் நிற்பவர்கள் கால் கிலோ, அரை கிலோ என்றுதான் கேட்பார்கள். கால் கிலோ என்றால் 250 கிராம். 2003 ஆகஸ்டில் கேனன் நிறுவனம் ஒரு டிஜிட்டல் கேமராவோடு சேர்த்து அறிவித்த சிறிய லென்ஸ் அந்தப் பொட்டலத்தைவிட எடை குறைவு. சரியாக 190 கிராம். வெளிக்கூடு பிளாஸ்டிக். கேமராவில் மாட்டும் வளையமும் பிளாஸ்டிக். பெயர் 18-55. தொழிலில் இருப்பவர்களுக்கு அது வெறும் ‘கிட் லென்ஸ்’. கேமரா வாங்கினால் டப்பாவோடு வருவது, கொஞ்ச நாளில் கழற்றி வைத்துவிட வேண்டியது என்றுதான் அதைச் சொல்வார்கள்.

அந்த எளிய லென்ஸுக்குத் தாமிரபரணிக் கரையின் படவரலாற்றில் ஓர் இடம் உண்டு. அந்த இடம் எது என்று தெரிய, எடையின் கதையைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் இந்த ஆற்றின் கரையில் எது படமானது, எது படமாகவில்லை என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது கருவியின் கனம்தான்.

லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்டார். 1857 இறுதியில் மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினார். மெழுகு பூசிய பெரிய தாள்கள்தான் அவருடைய நெகட்டிவ். ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிட அகலம். வெளிச்சம் பட நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 தாள்களில் எடுத்து ஒட்டிச் சேர்த்து ஒரே நீளப் படமாக்கினார். 1858இல் தொகுதிகள் வெளிவந்தன. மதுரைக்கு உண்டு. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ஸ்ரீரங்கம் எல்லாவற்றுக்கும் உண்டு. திருநெல்வேலிக்கு இல்லை. ட்ரைப்பின் வண்டிகள் மதுரையோடு திரும்பிவிட்டன. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களும், கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்களும், 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டுவித்த பதினொரு கண் பாலமும் அந்தத் தொகுதிகளுக்குள் வராமலே போயின.

ரயில் 1876இல் வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு பாதை, மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை. அதே ஆண்டில் பெர்லினிலிருந்து ஃபியோடர் ஜாகோர் ஆதிச்சநல்லூருக்கு வந்து தாழிகளைத் தோண்டினார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ அங்கே ஆண்டுக்கணக்கில் அகழ்ந்தார். அவர் கண்டெடுத்த பொருட்களின் பட்டியல் 1915இல் படத் தகடுகளோடு நூலாக வந்தது. தாழியும் வெண்கலமும் இரும்பும் தங்கப் பட்டமும் கேமராவுக்கு முன்னால் அசையாமல் இருந்தன. அந்தக் காலக் கருவிக்கு ஏற்றவை அவைதான்.

மனிதர்கள் அசைகிறார்கள். குழந்தைகள் இன்னும் கூடுதலாக. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பண்ணைவிளையில் தங்கியிருந்துவிட்டு 1901இல் டோனாவூருக்குப் போன ஏமி கார்மைக்கேல், தம் புத்தகங்களுக்குப் படங்கள் வேண்டுமென்பதில் உறுதியாக இருந்தார். அவரோடிருந்து படமெடுத்த ஒரு பெண்மணிக்கு உள்ளூர்க்காரர்கள் ‘படம் பிடிக்கிற மிஸ்ஸி அம்மாள்’ என்ற பொருளில் பெயரே வைத்துவிட்டார்கள். மீனைப் பிடிப்பதற்கும் படத்தைப் பிடிப்பதற்கும் தமிழில் ஒரே வினைதான். 1909இல் வந்த ‘லோட்டஸ் பட்ஸ்’ நூலுக்கு உதகமண்டலத்திலிருந்து ஏ. டி. டபிள்யூ. பென் என்ற தொழில்முறை ஒளிப்படக்காரர் வரவழைக்கப்பட்டார். நீலகிரியிலிருந்து களக்காட்டு மலையடிவாரம் வரை கண்ணாடித் தகடுகளும் முக்காலியும் வந்து சேர வேண்டும். அந்நாளில் அது ஒரு சிறு படையெடுப்பு. சில கைக்குழந்தைகளின் சிரிப்புக்காக அது நடந்தது.

பிறகு ஸ்டூடியோக்களின் காலம். கேமரா மக்களிடம் வராததால், மக்கள் கேமராவிடம் போனார்கள்.

மரப்பெட்டி, தோல் மடிப்பு, பின்னால் கறுப்புத் துணி, மூன்று கால். இதற்கு ஸ்டாண்டு கேமரா என்று பெயர். உள்ளே போவது கண்ணாடித் தகடு. ஹாஃப் பிளேட் என்றால் ஆறரை அங்குலத்துக்கு நாலே முக்கால் அங்குலம், ஃபுல் பிளேட் என்றால் எட்டரைக்கு ஆறரை. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் வடக்குப் பார்த்த கண்ணாடி ஜன்னலையோ கூரையையோ நம்பி நடந்தன. நேர்வெயில் படாத, நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கிற வெளிச்சம் வேண்டும். பின்னால் சீனரித் திரையில் தூண், படிக்கட்டு, ஏரி, பால்கனி எல்லாம் எழுதியிருக்கும். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பூச்சாடி. “அண்ணாச்சி, மூச்சப் பிடிச்சிக்கிட்டு அசையாம இருங்க” என்று சொல்லிவிட்டு லென்ஸின் மூடியைக் கழற்றி எண்ணிவிட்டு மூடுவார்கள். அந்தக் காலப் படங்களில் யாரும் சிரிப்பதில்லை. அந்த இறுக்கத்தில் பாதி, மூச்சைப் பிடித்துக்கொண்டதால் வந்தது.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்ற பயம் ஊர்களில் பலமாக இருந்தது. அதனால் வாழ்நாளில் ஒருவருடைய ஒரே படம், இறந்தபின் நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளும் பேரன்களும் நிற்க எடுத்ததாக இருப்பது சாதாரணம். அதற்காக மட்டும் ஸ்டாண்டு கேமரா வெளியே வந்தது. இன்று அந்தப் படங்களைப் பார்க்கச் சங்கடப்படுகிறவர்கள் உண்டு. ஒரு முகத்தை இழந்துவிடக் கூடாது என்று ஒரு வீடு கடைசி மணி நேரத்தில் செய்த முயற்சி அது. அதில் அருவருக்க ஒன்றுமில்லை. இத்தகைய பழைய ஸ்டூடியோப் படங்களைத் தமிழ்நாடு முழுக்கத் தேடி எண்முறையில் பதிவு செய்யும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்தது. மழைக்கசிவிலும் கரையானிலும் போனவை போக எஞ்சியதை அப்படித்தான் காப்பாற்ற முடிந்தது.

எடை படிப்படியாகத்தான் இறங்கியது. 120 ரோல் வந்ததும் இரட்டை லென்ஸ் கேமராக்கள் வந்தன: மேலே பார்க்க ஒரு லென்ஸ், கீழே பதிய ஒரு லென்ஸ். ரோலிகார்டும் யாஷிகாவும் கல்யாண வீடுகளுக்குப் போயின. வடோதராவில் தயாரான அக்ஃபா க்ளிக் த்ரீ நடுத்தர வீடுகளின் அலமாரிக்குள் நுழைந்தது. ஒரு ரோலுக்கு 12 படம். உதகையில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் செய்து தந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த ஆண்டுகளில் நல்ல ஜப்பான் கேமரா வேண்டுமென்றால் சிங்கப்பூரிலோ கொழும்பிலோ வளைகுடாவிலோ ஓர் உறவினர் இருக்க வேண்டும். காயல்பட்டினத்துக்கும் மேலப்பாளையத்துக்கும் அந்தக் கடல்தாண்டிய உறவுகள் நிறைய உண்டு. பெட்டிக்குள் சேலை, சென்ட், டார்ச் விளக்கோடு ஒரு யாஷிகாவும் வந்து இறங்கும்.

அந்தக் கேமராக்கள் எல்லாவற்றிலும் லென்ஸ் ஒரே அளவுதான். இரட்டை லென்ஸ் கேமராவில் 75 அல்லது 80 மி.மீ.; 35 எம்எம் ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ. பெரிதாக வேண்டுமென்றால் கிட்டே போ, எல்லாரும் வேண்டுமென்றால் பின்னால் போ. போட்டோக்காரரின் கால்தான் ஜூம். தாலி கட்டும் நேரத்தில் மணமேடையைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து நிற்க, பின்னால் போக இடமில்லாமல் அவர் நாற்காலிமேல் ஏறுவார். அவருக்கு முன்னால் ஒரு மாமா குறுக்கே கை நீட்டி அட்சதை போடுவார். அப்படி மணமகனின் பாதி முகம் மறைந்துபோன தாலி கட்டுப் படங்கள் எத்தனை வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றனவோ.

ஒரே லென்ஸில் அகலமும் நெருக்கமும் கிடைக்கும் வித்தை அதற்குள் வெளியுலகத்தில் வந்துவிட்டது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக், முதலில் தொலைக்காட்சிக்காக ஜூம் லென்ஸ் செய்தவர். அவர் வடிவமைத்த ஃபோக்ட்லேண்டர் ஜூமார், 36இலிருந்து 82 மி.மீ. வரை செல்வது, 1959இல் வெளிவந்தது. 35 எம்எம் ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் அதுவே. 1963இல் நிகான் 43-86 என்ற ஜூமைக் கொண்டுவந்தது. 36க்கு 24 மி.மீ. ஃபிலிம் சட்டகத்தின் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ.; அங்கே தொடங்கி இரண்டு மடங்கில் முடிகிறது கணக்கு. 410 கிராமுக்குள் அடங்கியதால் நன்றாக விற்றது. படத்தின் தரத்துக்காகத் திட்டும் வாங்கியது. நேர்க்கோடுகள் வளைந்தன. ஒரு கோயில் மண்டபத் தூண் வரிசையை அதில் எடுத்தால் கடைசித் தூண் பானை வயிறு போட்டிருக்கும்.

1973இல் கேனனின் 35-70 இன்னொரு வழி காட்டியது. உள்ளே இரண்டே வில்லைக் குழுக்கள்: முன்னால் ஒளியைச் சிதறடிப்பது, பின்னால் குவிப்பது. இரண்டும் விலகியிருந்தால் அகலக் காட்சி, நெருங்கினால் நெருக்கக் காட்சி. நிறைய வில்லைகளை அடுக்கிய கனமான குழாய் தேவையில்லை. கணக்குப் போடக் கணினி வந்தது, வளைபரப்பு வில்லைகளை அச்சில் வார்க்கும் முறை வந்தது. 1980களின் கடைசியில் சின்ன ஜூமைக் கேமராவோடு சேர்த்தே விற்கும் பழக்கம் ஊன்றிவிட்டது.

தொழில்காரர்கள் அதை நம்பவில்லை. அதில் நியாயம் இருந்தது. ஃபிலிம் காலத்தில் 400 வேகத்துக்கு மேல் போனால் படம் மணல் மணலாகத் தெரியும். வாய் குறுகிய ஜூமை வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் என்ன செய்வது?

கனத்தைப் பற்றிப் பேசும்போது திருநெல்வேலியில் பிறந்த ஒருவரை விட்டுவிட முடியாது. மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 ஜூன் 30இல் இங்கே பிறந்து சென்னையில் வளர்ந்தவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுத்தவர். பல கேமராக்களின் உறுப்புகளையும் ஒரு தொலைநோக்கு லென்ஸையும் தாமே இணைத்துக் கட்டிய ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு காடுகளில் நடந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. பெயரிலேயே பாரம் இருக்கிறது. 1950 முதல் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் எழுதிவந்த இயற்கைப் பத்தியை 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை நிறுத்தவில்லை. அவருடைய யானைப் படங்களின் மடிப்பு மடிப்பான தோலைப் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கனம் எதற்கென்று புரியும். ஆனால் எல்லாரும் கிருஷ்ணன் ஆக முடியாது. ஆகவும் வேண்டாம். வீட்டு முற்றத்தில் பேத்திக்குப் பூச்சூட்டுவதை எடுக்கப் பாண்டரோசா ஆகாது.

ஃபிலிமின் கடைசி ஆண்டுகளில் கேமரா கிராமத்துக்குள் வேறொரு வாசல் வழியாக வந்தது. 1993இல் டி. என். சேஷனின் தேர்தல் ஆணையம் வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தது. அதுவரை ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத ஆயிரமாயிரம் பேர் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினார்கள். ஆயுசு குறையும் என்ற பயத்துக்கு அந்தப் பெஞ்சு பெரிய அடி. பிறகு அந்த அட்டையின் சிறு முகத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாலை மாட்டிய வீடுகளும் உண்டு.

இந்த இடத்தில்தான் 2003 வருகிறது. கேனன் 300டி, 63 லட்சம் புள்ளிகள், லென்ஸோடு சேர்த்து அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்குள். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய டிஜிட்டல் கேமரா அந்த விலைக்கு முதல் முறையாகக் கிடைத்தது. அதன் சென்சார் ஃபிலிம் சட்டகத்தைவிடச் சிறியது, 22.7க்கு 15.1 மி.மீ. பழைய 28-80 ஜூமை அதில் மாட்டினால் அகலக் காட்சி காணாமல் போய்விடும். ஃபிலிம் கேமராவில் 45 மி.மீ. காட்டுகிற அளவுதான் தெரியும். ஆகவே புதிதாக 18இல் தொடங்கும் லென்ஸ் ஒன்று தேவைப்பட்டது. சின்னச் சென்சாருக்குச் சின்ன ஒளிவட்டம் போதும், அதற்குச் சின்னக் கண்ணாடி போதும். 9 குழுக்களில் 11 வில்லைகள், 190 கிராம். 2006 நவம்பரில் நிகான் டி40 வந்தபோது அதன் 18-55 லென்ஸ் 205 கிராம். அடுத்த ஆண்டு கேனன் கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியைச் சேர்த்தும் 200 கிராமைத் தாண்டவில்லை.

இந்த லேசு சும்மா கிடைக்கவில்லை. கணக்கைப் பார்த்தால் விளங்கும். 55 மி.மீ.யில் எஃப் 5.6 என்றால் லென்ஸின் வாய் பத்து மி.மீ.க்குள். அதையே எஃப் 2.8 ஆக்க வேண்டுமானால் வாய் இருபது மி.மீ. ஆக வேண்டும், நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அப்படிச் செய்த கேனனின் 17-55 லென்ஸ் 645 கிராம். அல்வாக் கணக்கில் அரை கிலோவுக்கு மேல். கிட் லென்ஸ் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் எடையை வாங்கியது.

விட்டுக்கொடுத்தது எங்கே உறைத்தது என்பதை நெல்லைச் சீமைக்காரர்களிடம் கேட்கலாம். சுடலைமாடன் கொடை நடுநிசியில் ஏறுகிறது. கணியான் கூத்துக்காரரின் மகுடப் பறை தீயில் காய்ந்து விறைத்திருக்கிறது, சாமியாடி வேட்டைக்குக் கிளம்புகிறார், வெளிச்சம் பந்தமும் ரெண்டு ட்யூப் லைட்டும். 55க்குத் திருகினால் எஃப் 5.6. வேகத்தை 1600க்கு ஏற்றினாலும் சாமியின் கை வெறும் வெள்ளைக் கோடு. பிளாஷ் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்து, பின்னாலிருக்கும் இருட்டும் புகையும், அந்த இரவே, மறைந்துபோகும். விவரம் தெரிந்தவர்கள் 18இலேயே நின்றார்கள். அங்கே எஃப் 3.5 கிடைக்கும். அதற்காகக் கூட்டத்துக்குள் புகுந்து, சாமியாடியின் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றார்கள். வில்லுப்பாட்டு மேடைக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து எடுத்த அந்த அகலப் படங்களில் புலவர் ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம், நடுவில் தூங்கிப்போன குழந்தைகள் எல்லாம் தெரிகின்றன. பெரிய லென்ஸோடு தொலைவில் நிற்பவருக்கு அந்தத் தூங்கும் குழந்தைகள் கிடைப்பதில்லை.

பகலில் அது வேறு ஆள். கொக்கிரகுளத்தில் ஆற்றுக்குள் இறங்கி நின்று 18க்குத் திருகினால் சுலோசன முதலியார் பாலத்தின் கண்கள் வரிசையாக உள்ளே வந்துவிடும். அதே இடத்தில் நின்று 55க்குத் திருகினால் படித்துறையில் துவைக்கிற பெண்ணின் கையும் சோப்பு நுரையும். பத்தமடையில் இன்னொரு குணம் உதவியது: 28 செ.மீ. வரை கிட்டே போனாலும் இந்த லென்ஸ் தெளிவாகக் காட்டும். ஆற்றங்கரைக் கோரையைக் கீறி, பட்டுப்போல் நெய்கிற பாயின் இழை இழையான ஓட்டத்தை, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே எடுக்கலாம். ஸ்டாண்டு கேமராவுக்கு அந்தத் திண்ணையில் இடமே இருந்திருக்காது.

வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் கருட வாகனத்தில் கூடும் இரவு இந்த லென்ஸுக்குச் சரியான தேர்வு. ஒன்பது கருடனும் அகலத்துக்கு வேண்டும். நம்மாழ்வாரின் முகம் நெருக்கத்துக்கு வேண்டும். கூட்டத்தில் லென்ஸ் மாற்றக் கை தூக்கவும் முடியாது. ஒரு திருகில் இரண்டும். ஜூம் வளையத்தைத் திருப்பும்போது முன்குழாய் 18இல் சற்று நீண்டு, நடுவில் உள்வாங்கி, 55இல் மறுபடி நீளும். அந்த மூச்சு வாங்கலை விரல் பழகிக்கொண்டால் கண் தன்போக்கில் வேலை செய்யும்.

கூந்தங்குளத்தில் அதன் எல்லை தெரிந்துவிடும். 1994இல் சரணாலயமான அந்தக் குளத்துக்கு மணிமுத்தாறு அணையின் நீர் வருகிறது. நடுக்குளத்தில் இறங்கியிருக்கும் வரித்தலை வாத்து 55 மி.மீ.யில் ஒரு பொட்டுதான். அதற்கு நீண்ட லென்ஸ், முக்காலி, கிருஷ்ணனின் பொறுமை எல்லாம் வேண்டும். ஆனால் அந்த ஊரில் நாரைகள் வீட்டுப் புறவாசல் மரங்களிலும் கூடு கட்டும். துணி உலர்த்தும் கொடிக்குமேல் கூடு, கீழே பாத்திரம் விளக்கும் பெண், பறவை அசராமல் அவளைப் பார்க்கிறது. பறவையை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் தவறவிடுகிற காட்சி இது. ஊருக்கும் பறவைக்கும் உள்ள உறவு 18 மி.மீ.யில்தான் முழுசாகத் தெரிகிறது. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில், பறவையை எண்ணுவது பைனாகுலர். ஆனால் குளத்தின் கரை உடைந்திருக்கிறதா, ஆகாயத்தாமரை மூடியிருக்கிறதா, மடையில் தண்ணீர் போகிறதா என்பதையெல்லாம் காட்ட அகலக் காட்சிதான் வேண்டும்.

கல்யாணத் தொழிலையும் அது புரட்டிப்போட்டது. ரோலுக்கு 36 என்ற கணக்கு போய், ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரம் படம் என்றானது. ஆல்பத்தில் ஒட்டிய படங்கள் போய், பக்கம் பக்கமாகக் கணினியில் வடிவமைத்து அச்சிடும் கரிஷ்மா ஆல்பம் வந்தது. பெரிய ஸ்டூடியோக்காரர் கனமான லென்ஸ் வாங்கினார். அவரிடம் பிளாஷ் பிடிக்கவும் ஒயர் சுருட்டவும் வந்த பையன், இரண்டு வருடம் காசு சேர்த்து, பழைய பாடியும் கிட் லென்ஸும் வாங்கித் தனியாக ‘அவுட்டோர்’ போனான். காதுகுத்து, சடங்கு, பால்காய்ப்பு, கோயில் கொடை. முன்னே ஸ்டூடியோ வைக்க இடம், திரை, விளக்கு, இருட்டறை, முதல் என்று எல்லாம் வேண்டியிருந்த தொழிலில் ஒரு தோள்பையோடு நுழைய முடிந்தது. கழித்துப் போட வேண்டியது என்று பேசப்பட்ட லென்ஸ் பல வீடுகளில் முதல் சம்பாத்தியத்தைக் கொடுத்தது. அதை இகழ்ந்து பேசுவதை இந்த ஒரு காரணத்துக்காகவாவது நிறுத்திக்கொள்ளலாம்.

லேசான பொருளுக்கு நோயும் சீக்கிரம் வரும். ஆற்றோர ஊர்களின் ஈரத்தில் ஐப்பசி கார்த்திகை தாண்டுவதற்குள் வில்லைகளுக்கு நடுவே பூஞ்சை சிலந்திவலைபோல் படரும். தேரி மணல் ஜூம் குழாய்க்குள் போனால் திருகும்போது நறநறக்கும். உள்ளே நீண்டு மடங்கும் நாடா கேபிள் ஒருநாள் அறுந்துவிடும். சரிசெய்யும் கூலிக்கு இன்னொரு பழைய லென்ஸே கிடைக்கும் என்பதால் பெரும்பாலும் யாரும் சரிசெய்வதில்லை. லென்ஸ்கள் இன்னும் இளைத்தன: 2012இல் சோனியின் 16-50 வெறும் 116 கிராம். அதற்குள் செல்போன் வந்து எடைக் கணக்கையே அர்த்தமில்லாமல் செய்துவிட்டது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு ஊர்களுக்குள் புகுந்தபோது, உலகம் பார்த்த காட்சிகளில் பெரும்பாலானவை மொட்டைமாடிகளில் நின்றவர்களின் செல்போனிலிருந்து வந்தவை.

ஆகவே கிட் லென்ஸின் காலம் இந்தச் சீமையில் ஏறக்குறைய பதினைந்து ஆண்டு. கண்ணாடித் தகடு அதைவிட நெடுங்காலம் ஆண்டது. தகடு உடையாமல் இருந்தால் இன்றும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். கிட் லென்ஸ் காலத்துப் படங்கள் பல, கல்யாண வீட்டுக்குக் கொடுத்த சிடியில் கீறல் விழுந்து கிடக்கின்றன. ஸ்டூடியோ மேஜைக்கடியில் சுழலாமல் நின்றுபோன ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அவற்றையும் இப்போதே தேடி எடுத்து வைக்க வேண்டும். பழைய ஸ்டூடியோப் படங்களுக்குக் கிடைத்த அக்கறை இவற்றுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அவற்றில் தகடுகளில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோத் தகட்டின் பின்னால் பென்சிலில் ஒரு பெயரும் தேதியும் இருந்தால் பெரிய பாக்கியம். டிஜிட்டல் படமோ தனக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கிறது: நாள், மணி, ஒளிவாய், வேகம், ஜூம் எந்த அளவில் நின்றது என்பது வரை. பிற்காலத்தில் யாராவது ஒரு கொடை விழாப் படத்தைத் திறந்தால், இரவு இரண்டு மணி, 18 மி.மீ., எஃப் 3.5, வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு என்ற எண்கள் கூடவே வரும். சாமியாடி சட்டகத்தின் உயரம் முழுக்க நிறைந்திருக்கிறார், லென்ஸ் 18இல் இருக்கிறது என்றால் கணக்கு எளிது: படமெடுத்தவர் அவரிடமிருந்து இரண்டு மூன்று எட்டில், மகுடச் சத்தத்துக்கு நடுவே, நின்றிருக்கிறார்.